பொதுமுடக்கம் தேவைதானா? நேரில் பட்டவர்கள் சொல்லுங்களேன்

மூன்றாம்பெஞ்சு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் ஒரு விவாதம் வருகிறது. "கொரோனா காலப் பொதுமுடக்கம் நன்மையைவிடக் கேட்டையே அதிகம் செய்தது" என்பது தலைப்பு. எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் சீட்டு எடுத்து முடிவு செய்வார்களாம், அதனால் இரண்டு பக்கமும் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒரு கட்டுரை லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது என்கிறது, அடுத்த கட்டுரை ஒரு பயனும் இல்லை என்கிறது. இரண்டிலும் வரைபடங்கள் இருக்கின்றன, இரண்டையும் எழுதியவர்கள் பேராசிரியர்கள்.

2020-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. எனக்கு நினைவிருப்பது போன் திரையும், நண்பர்களைப் பார்க்க முடியாத எரிச்சலும்தான். வேலை, குடும்பம், பொறுப்பு என்று அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள். மூடியது சரிதானா? படித்ததைவிட நீங்கள் பார்த்ததைச் சொன்னால் எனக்கு இன்னும் உதவியாக இருக்கும்.

தனிவழி எழுதியது:

தவறு என்றுதான் சொல்வேன். ஸ்வீடனைப் பாருங்கள். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பள்ளிகளை அங்கே மூடவில்லை. கடைகள் திறந்திருந்தன, யாரையும் வீட்டுக்குள் அடைத்து வைக்கவில்லை. 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டுகளையும் சேர்த்து, வழக்கத்தைவிடக் கூடுதலாக எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தால் ஐரோப்பாவிலேயே குறைவான நாடுகளில் அதுவும் ஒன்று. 2020 அக்டோபரிலேயே சுனேத்ரா குப்தா, ஜெய் பட்டாச்சார்யா, மார்ட்டின் குல்டார்ஃப் என்ற மூன்று பேராசிரியர்கள் கிரேட் பேரிங்டன் பிரகடனம் என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களைக் காப்பாற்றுங்கள், மற்றவர்களை இயல்பாக வாழ விடுங்கள் என்றார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரவுப்பணி எழுதியது:

மூன்று ஆண்டுக் கணக்கு சரி. ஆனால் 2020-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். மக்கள்தொகை விகிதத்தில் பக்கத்து நாடுகளான நார்வே, பின்லாந்தைவிட ஸ்வீடனில் கொரோனாவால் பல மடங்கு பேர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி முதியோர் இல்லங்களில் இருந்தவர்களும் வீட்டில் பராமரிப்பு பெற்றவர்களும். அந்த நாட்டு அரசு அமைத்த ஆணையமே, முதியவர்களைக் காக்கத் தவறிவிட்டோம் என்று 2020 டிசம்பரில் எழுதியது. ஆபத்து உள்ளவர்களை மட்டும் தனியாகக் காப்பது எப்படி என்று எனக்கு யாராவது விளக்குங்கள். அவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மருந்து கொடுப்பவர்கள் தினமும் வெளியிலிருந்துதானே உள்ளே போகிறார்கள்?

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். தம்பி, நீங்கள் கேட்டது பார்த்ததைச் சொல்லுங்கள் என்பதால் சொல்கிறேன். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தால் நுரையீரலுக்கு ஆக்சிஜன் நன்றாகப் போகும். ஆனால் ஒரே ஒருவரைத் திருப்ப ஐந்தாறு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று தொண்டைக் குழாயைப் பிடித்துக்கொள்வார். அவர் சொல்லும் எண்ணிக்கைக்குத்தான் மற்றவர்கள் ஒன்றாகத் திருப்ப வேண்டும். குழாய் நழுவினால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். கட்டில் வாங்கிப் போடலாம், வென்டிலேட்டரும் வாங்கிப் போடலாம். அந்த ஐந்தாறு பேரை எங்கே வாங்குவது? சாதாரண நாளில் ஒரு செவிலியருக்கு இப்படி ஒரு நோயாளிதான். அலை உச்சத்தில் இருந்தபோது மூன்று, நான்கு பேர்.

ஆக்சிஜனும் அப்படித்தான். ஒரே நேரத்தில் வார்டு முழுக்க அதிக அளவில் இழுத்தால், திரவ ஆக்சிஜனை வாயுவாக மாற்றும் கருவியின் குழாய்களில் பனி கட்டிக்கொள்ளும். தொட்டியில் சரக்கு இருக்கும், குழாயில் அழுத்தம் இறங்கும். அலாரம் அடிக்கும்போது எந்தக் கட்டிலுக்கு முதலில் ஓடுவது என்று நிற்பதைப் போன்ற கொடுமை வேறு இல்லை.

தொடக்கத்தில் தொற்று சுமார் மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டிருந்தது. ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால், நூறு நோயாளிகள் மூன்று வாரத்தில் பத்தாயிரத்தைத் தாண்டியிருப்பார்கள். தடுப்பூசி பொதுமக்களுக்குப் போடத் தொடங்கியதே 2020 டிசம்பரில்தான். அதுவரை நேரம் வாங்கித் தந்தது மக்கள் வீட்டில் இருந்ததுதான். அதை யாரும் லேசாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

கரும்பலகை எழுதியது:

இரவுப்பணி, நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்க மாட்டேன். தம்பி, நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. 2020 மார்ச்சில் மூடியதை அன்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். என் கோபமெல்லாம் அதற்கு அப்புறம் நடந்ததன் மீதுதான்.

எல்லையை மூடியது, கூட்டங்களைத் தடுத்தது, பூங்காவைப் பூட்டியது, வேலையிடங்களை நிறுத்தியது, பள்ளியை மூடியது எல்லாமே தனித்தனி முடிவுகள். ஒவ்வொன்றிலும் கிடைத்த பலன் வேறு, இழப்பு வேறு, இழந்த ஆளும் வேறு. இதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி "சரியா, தவறா" என்று கேட்டால் பதில் வராது. எனக்குத் தெரிந்தது பள்ளி. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் பள்ளியை மூடியதற்கு நியாயம் இருந்தது. ஃப்ளூ காய்ச்சலைப் பரப்புவதில் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நாடுகள் கையில் வைத்திருந்த பெருந்தொற்றுத் திட்டங்கள் பெரும்பாலும் அந்தக் காய்ச்சலை மனத்தில் வைத்து எழுதியவை. 1918-இல் ஃப்ளூ பெருந்தொற்றாகப் பரவியபோது அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செப்டம்பர் 28-ஆம் தேதி பெரிய ஊர்வலம் நடத்தினார்கள், சில நாட்களில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. செயின்ட் லூயிஸ் நகரம் அக்டோபர் தொடக்கத்திலேயே பள்ளி, அரங்கு எல்லாவற்றையும் மூடியது, அங்கே உச்சம் தாழ்வாகவே இருந்தது. அந்த நகரங்களை ஒப்பிட்டு 2007-இல் வந்த ஆய்வுகளும் அதையே சொல்லின: சீக்கிரமாக, பல தடைகளைச் சேர்த்துப் போட்ட இடங்களில் இறப்பின் உச்சம் ஏறத்தாழ பாதிதான். புதுக் கிருமி வந்து நிற்கும்போது அந்தப் பாடத்தை வைத்து முடிவெடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் 2020 ஏப்ரல் 15-ஆம் தேதியே டென்மார்க் சின்ன வகுப்புகளைத் திறந்தது. பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார்கள், மேசைகளைத் தள்ளிப் போட்டார்கள், முடிந்தவரை வெளியில் உட்கார வைத்தார்கள். பயந்தபடி தொற்று வெடிக்கவில்லை. பிள்ளைகளுக்கு இந்த நோய் தீவிரமாவது அபூர்வம் என்பதும் அதற்குள் தெளிவாகிவிட்டது. அதன்பிறகும் உலகத்தில் பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் பள்ளிக் கதவு திறக்கவில்லை. உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் இடையில் சில வகுப்புகளுக்கு மட்டும் திறந்து, முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரியில். அமெரிக்காவில் பல நகரங்களில் உணவகங்கள் திறந்த பிறகும் பள்ளிகள் மூடியே கிடந்தன. எது அவசியம் என்ற வரிசையில் பள்ளி ஏன் கடைசிக்குப் போனது என்பதுதான் என் கேள்வி.

ஆன்லைன் வகுப்பு நடந்ததே என்பார்கள். நடத்தியவள் நான். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பெயர்கள் தெரியும், பாதிக் கட்டங்களில் முகம் இருக்காது. என் வகுப்பில் ஒரு பையன் பகலில் வரவே மாட்டான். வீட்டில் இருந்த ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் இரவில் திரும்பிய பிறகு அவன் வீட்டுப் பாடத்தைக் குரல் பதிவாக அனுப்புவான். மற்றவர்கள் தூங்குவதால் கிசுகிசுவென்றுதான் வாசிப்பான். பின்னால் குறட்டைச் சத்தம் கேட்கும். அவன் உச்சரிப்பில் எங்கே தடுமாறுகிறான் என்று கண்டுபிடிக்க அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். பக்கத்தில் உட்கார வைத்து, விரலை வைத்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் தீர்கிற விஷயம்.

திறந்தபோது வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் விட்டவர்கள் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். பென்சிலை முஷ்டியால் பிடித்தார்கள். ஒரு குழந்தை எழுத்துகளை வரிசையாகப் பாட்டு மாதிரி சொல்லும். நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டு "இது என்ன?" என்றால், முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்தி, "இது" என்று சொல்லும். இன்னொருத்தி பக்கம் பக்கமாக அழகாக வாசித்தாள். படத்தைக் கையால் மறைத்தேன், அப்படியே நின்றுவிட்டாள். வாசித்ததெல்லாம் படத்தைப் பார்த்து, மனப்பாடமாகச் சொன்னது.

இதை ஆசிரியையின் புலம்பல் என்று தள்ளிவிடலாம், அதனால் ஓர் ஆய்வையும் சொல்கிறேன். நெதர்லாந்தில் பள்ளிகள் மூடியிருந்தது எட்டு வாரம்தான். உலகத்திலேயே இணைய வசதி மிக நன்றாக உள்ள நாடுகளில் ஒன்று. மூடுவதற்கு முன்னும் பின்னும் நடந்த தேர்வுகளை ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்டார்கள். வீட்டிலிருந்து படித்த காலத்தில் பிள்ளைகள் ஏறக்குறைய எதுவுமே முன்னேறவில்லை. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு 60 சதவீதம் வரை கூடுதல். எட்டு வாரத்துக்கே இந்த நிலைமை. ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு மூடிய இடங்களைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்தார்கள் என்கிறது யுனெஸ்கோ.

ஏன் இவ்வளவு நாள் மூடி வைத்தார்கள் என்று நிறைய யோசித்திருக்கிறேன். நிரம்பி வழிகிற வார்டு அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாத பிள்ளை யார் கண்ணிலும் படாது, சத்தமும் போடாது. தொழில் நடத்துபவர்களுக்குச் சங்கம் இருந்தது, அமைச்சரைப் போய்ப் பார்த்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்காக யார் போய்ப் பார்ப்பது? ஆசிரியர்கள் பயந்தார்கள் என்பதும் உண்மை, அதில் நியாயம் இருந்தது. சர்க்கரை நோயோடு ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் காற்றே புகாத அறையில் நாற்பது பிள்ளைகளோடு எப்படி உட்காருவார்கள்? அதற்குச் செய்ய வேண்டியது ஜன்னலை அகலப்படுத்துவதும், அவர்களுக்கு முதலில் தடுப்பூசி போடுவதும். பல இடங்களில் அந்த வேலையே நடக்கவில்லை. பூட்டு மட்டும் தொங்கியது.

வராமலே போனவர்களும் இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஒரு கெட்டிக்காரப் பெண் இருந்தாள், கணக்கில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. வீட்டில் மூத்தவள். மூடியிருந்த காலத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளிடம் வந்தது, பள்ளி திறந்தபோது அந்தப் பொறுப்பை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அம்மா மறுக்கவில்லை, "அடுத்த வாரம் அனுப்புகிறேன் டீச்சர்" என்றார். அவள் வரவே இல்லை.

ஊசியும்நூலும் எழுதியது:

டீச்சர் சொன்னது என் வீட்டிலும் நடந்தது. நான் தையல் வேலை, பீஸ் கணக்கில் கூலி. மெஷின் ஓடினால் காசு, இல்லையென்றால் இல்லை. பிரிட்டனில் வேலைக்குப் போக முடியாதவர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை அரசாங்கமே கொடுத்தது என்று அப்போது படித்தேன். எனக்குச் சம்பளச் சீட்டே கிடையாது, எந்த 80 சதவீதத்தை யார் கொடுப்பார்கள்? முதலாளியையும் குறை சொல்ல முடியவில்லை, அவருக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

மூடியதே தப்பு என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவிலும் சாவு விழுந்தது. ஆனால் வீட்டில் இரு என்று சொல்பவர்கள், இருந்தால் எப்படிச் சாப்பிடுவான் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து நள்ளிரவில் மூடினார்கள். நான்கு மணி நேரம். வெளியூரில் கூலி வேலைக்கு இருந்தவன் பெட்டி கட்டவே அது போதாது. நெடுஞ்சாலையில் நடந்து போனவர்களை டிவியில் பார்த்து என் அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார்.

இரவுப்பணி எழுதியது:

கரும்பலகை மேடம், படித்துவிட்டு மனசு கனத்துப்போனது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவு, சரி. அவர்கள் சாயங்காலம் திரும்புவது தாத்தா பாட்டி இருக்கும் வீட்டுக்குத்தானே? பேரப்பிள்ளையிடமிருந்துதான் வந்தது என்று அழுதுகொண்டே சொன்ன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தடுப்பூசி வருவதற்கு முன் உங்கள் பள்ளியைத் திறக்கச் சொல்லியிருப்பீர்களா?

கரும்பலகை எழுதியது:

நியாயமான கேள்வி. அலை ஏறும்போது மூடத்தான் வேண்டும், அதில் எனக்குத் தயக்கமில்லை. உங்கள் வார்டு நிரம்பும் வாரத்தில் என் வகுப்பு நடக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். ஆனால் அலை இறங்கியதும் முதலில் திறப்பது பள்ளியாகவும், அடுத்த அலையில் கடைசியாக மூடுவது பள்ளியாகவும் இருந்திருக்க வேண்டும். சின்ன வகுப்புகளுக்கு முன்னுரிமை. பதினேழு வயதுப் பையன் திரையைப் பார்த்து ஓரளவு படித்துக்கொள்வான், ஆறு வயதுக் குழந்தைக்கு அது முடியாது. பாதிப் பேர் ஒரு நாள், மீதிப் பேர் மறுநாள். மழை இல்லாத நாளில் மரத்தடி. இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. காசநோய்க்குப் பயந்த காலத்தில், 1904-இலேயே, பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்க்கில் நோஞ்சான் பிள்ளைகளுக்காகக் காட்டுக்குள் திறந்தவெளிப் பள்ளி நடத்தினார்கள்.

இன்னொன்று. கண்டிப்பாக மூடினால் உயிர்கள் தானாகப் பிழைத்துவிடும் என்பதும் இல்லை. பெரு நாடு 2020 மார்ச் நடுவிலேயே மூடியது, ராணுவத்தை வைத்துக் கண்டிப்பாக மூடியது. கடைசியில் மக்கள்தொகை விகிதத்தில் கொரோனா இறப்பு உலகத்திலேயே மிக அதிகமான நாடுகளில் அதுவும் ஒன்றானது. 2021-இல் கணக்கைத் திருத்தியபோது 70,000-க்குள் இருந்த எண்ணிக்கை 1,80,000 ஆனது. அங்கே பெரும்பாலானவர்கள் நம் தையற்கார நண்பரைப் போலச் சம்பளச் சீட்டு இல்லாமல் வேலை செய்பவர்கள். பலர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை, அடிக்கடி சந்தைக்குப் போயே ஆக வேண்டும். அரசு கொடுத்த உதவித்தொகையை வாங்க வங்கி வாசலில் கூட்டம். வீட்டில் இருக்கச் சொன்ன உத்தரவே அவர்களைச் சந்தையிலும் வரிசையிலும் நெருக்கி நிறுத்தியது. நியூசிலாந்து மார்ச் 25-ஆம் தேதி மூடி, ஜூன் 8-ஆம் தேதி நோயாளியே இல்லை என்று திறந்தது. தீவு, எல்லையைப் பூட்ட முடிந்தது, வீட்டில் இருந்தவர்களுக்குக் கூலி கிடைக்க அரசு உதவியது. ஆணை கிட்டத்தட்ட ஒன்றுதான், அதைத் தாங்கிக்கொள்ள மக்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

தம்பி, எந்தப் பக்கம் சீட்டு வந்தாலும் எதிரணியிடம் எந்த மாதம், எந்தத் தடை என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். 2020 மார்ச்சுக்குச் சொல்லும் காரணத்தை 2021 செப்டம்பருக்கும் சொன்னால் விடாதீர்கள்.

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

ரொம்ப நன்றி மேடம். எல்லோருக்கும் நன்றி. விவாதத்தில் பெரு, நியூசிலாந்து, நெதர்லாந்து மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். இரவுப்பணி அக்கா சொன்ன குப்புறத் திருப்பும் விஷயத்தையும் சொல்லலாமா?

இரவுப்பணி எழுதியது:

தாராளமாகச் சொல்லுங்கள் தம்பி.

ஊசியும்நூலும் எழுதியது:

டீச்சர், விவாதத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். என் சின்ன மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். வாசிக்கிறாள், ஆனால் கணக்கில் நாலு வரி வாக்கியமாக வந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். ட்யூஷன் வைத்தும் பார்த்தோம், அங்கேயும் இப்போதைய பாடத்தைத்தான் நடத்துகிறார்கள். என்ன செய்வது?

கரும்பலகை எழுதியது:

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது அண்ணா, நல்ல கேள்வி. முதலில் அந்த ட்யூஷனை நிறுத்துங்கள். அவளுக்கு விட்டுப்போனது மூன்றாம், நான்காம் வகுப்புப் பாடம், இப்போதைய பாடத்தைத் திரும்ப நடத்தி அது வராது. அந்த இரண்டு வகுப்புக் கணக்குப் புத்தகத்தையும் யாரிடமாவது வாங்கி, பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு கணக்காகப் போடச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாளோ அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். பெரும்பாலும் கடன் வாங்கிக் கழித்தலிலோ, வகுத்தலிலோ, பின்னத்திலோதான் நிற்பாள்.

வாக்கியக் கணக்குக்கு: அவள் சத்தமாக ஒரு வரி வாசிக்கட்டும், அடுத்த வரியை நீங்கள் வாசியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அவள் சின்னதாகப் படம் வரையட்டும். எண்ணைத் தொடவே வேண்டாம், என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் அவள் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். தினமும் ஒரு கணக்கு போதும். மற்றவர்கள் முன்னால் செய்ய வைக்காதீர்கள், கூச்சப்படுவாள். கோடு எங்கே விழுந்தது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், அந்த இடத்திலிருந்து எப்படி எடுத்துக்கொண்டு போவது என்று சொல்கிறேன்.